சிவப்பு மையில் ஒரு சரி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். ‘உடம்பளவில்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் போனைத் தூக்காதே, கடைசிவரை படி. என் ரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன எல்லைக்குள் அடங்கி இருக்கிறது, அம்மாவின் முட்டி மாடிப்படி பக்கம் போகாதவரை வம்பு செய்வதில்லை. பேரனுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா, பல் இல்லாத போட்டோவையே இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறோம், புதிதாக ஒன்று அனுப்பு. மாப்பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறாராமே, இடுப்புக்குப் பின்னால் சின்னத் தலையணை ஒன்று வைத்துக்கொள்ளச் சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே, டாக்டர் சொன்னதாகச் சொல்.

நேற்று நீ போனில் பேசியபோது ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சரி இல்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வாயால் பேச வராது, பேச ஆரம்பித்தால் பாடம் நடத்துவது போல் ஆகிவிடுகிறது என்று நீயே சொல்வாய், அதனால்தான் காகிதம். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்க்கிறேன், மூடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி கதவு. அம்மா பார்த்துவிட்டு, ‘கதவுக்கு எண்ணெய் போட்டாச்சா’ என்று கேட்டாள். இன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது அந்த ஒன்றுதான். நேற்று நான் உனக்குச் சொன்னது பாதிக் கதை, மீதிப் பாதி எனக்கு வசதியாக இல்லாததால் சொல்லவில்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

நம் தெருக்கோடியில் இருக்கிற சலவை ஆலையில் நான் ஆங்கில வகுப்பு எடுப்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் அந்த ஆலையின் மேலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார், ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் தினப் பதிவேட்டை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், நம் ஆட்களுக்கு எழுத வரவில்லை, வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்றார். சும்மா இருந்தால் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், அதற்கு இது மேல் என்று ஒப்புக்கொண்டேன். துணி மடிக்கிற அறையில், தள்ளுவண்டிகளை ஒதுக்கிவிட்டு, மடித்த விரிப்புகளின் சூடு அடங்காத மேசைகளில் வகுப்பு. பதினொரு பேர். பதிவேட்டுக்கு வேண்டியது முழு ஆங்கிலமும் இல்லை, ஒரே ஒரு வகை வாக்கியம்தான். நர்சுகளின் விடுதியிலிருந்து இரண்டு மூட்டை பெறப்பட்டது, நோயாளிகளின் வார்டுக்கு நாற்பது விரிப்பு அனுப்பப்பட்டது, டிரைவர்களின் கொட்டகையில் ஒரு வண்டி நிறுத்தப்பட்டது, இப்படி. அங்கே எல்லாமே பன்மை, ஒரு நர்சின் ஒரு உடுப்பு என்று தனியாக எதுவும் வருவதில்லை. செய்தவர் யார் என்பதும் பதிவேட்டுக்கு வேண்டாம், செய்யப்பட்டது என்ன என்பது போதும், அதை மேலாளர் முதல் நாளே அழுத்திச் சொன்னார். ஆகவே செயப்பாட்டு வினை, அதற்குப் பிறகு ஃப்ரம், டு மாதிரி ஒரு முன்னிடைச்சொல், அதற்குப் பிறகு நர்சுகளின், டிரைவர்களின் என்கிற பன்மை உடைமை. உனக்கு நான் எட்டு வயதில் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்தப் பன்மை உடைமையில் எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் மேலே தொங்குகிற சின்னக் கோடு இருக்கிறதே, அபாஸ்ட்ரஃபி, அதற்கு அவர்கள் வைத்த பெயர் கொக்கி. துணி மாட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது கொக்கியாகத்தான் தெரியும். எனக்கும் கொக்கி வாத்தியார் என்று பெயர் வந்துவிட்டது, தெருவில் பால் வாங்கப் போனால்கூட ‘கொக்கி சார் வராரு’ என்கிறார்கள். நர்சுகள், டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால் வரும், பெண்கள் என்ற சொல்லில் மட்டும் எஸ்ஸுக்கு முன்னால் வரும் என்று சொன்ன அன்று, சூடான உருளையில் ஈர விரிப்புகளை விடுகிற வேலை செய்பவள் ஒருத்தி, எல்லோரும் ரோலர் அக்கா என்று கூப்பிடுவார்கள், ‘ஏன் சார், அங்கயும் பொம்பளைங்களுக்குத் தனிச் சட்டமா’ என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது, பதிவேடு எழுதுகிற நாற்காலி அடுத்த வருடம் காலியாகிறது, உட்கார்ந்து செய்கிற வேலை. பன்னிரண்டு வருடமாக நின்றே வேலை பார்க்கிற கால்கள் அவளுடையவை.

என்னுடைய முறை உனக்குத் தெரியும். புத்தகத்து வாக்கியங்களைக் கொடுத்தால் புத்தகத்தோடு போய்விடும், அதனால் ஒவ்வொருவரும் அன்றன்று வேலையில் நடந்ததிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதி வர வேண்டும் என்று வைத்திருந்தேன். நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பிச் சிவப்பு மையில் திருத்துவேன். பதினொரு பேருக்கு ஐந்து வீதம் ஐம்பத்தைந்து வாக்கியம், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவேன், அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ரோலர் அக்காவின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. மணிக்கட்டுவரை. ஆலைக்குத் துணி அனுப்புகிற ஆஸ்பத்திரி ஒன்றில், அவள் உருளையில் தேய்த்து அனுப்பிய விரிப்பில்தான் இப்போது படுத்திருக்கிறாள். மூன்று விரல்கள் இனிமேல் மடங்காது என்கிறார்கள். உருளைக்கு முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்க ஓர் இரும்புத் தடுப்பு உண்டு, அது எப்போதும் இருந்தது, வேலையைச் சீக்கிரம் முடிக்க அவளே கழற்றிவிட்டாள் என்று ஆலை சொல்கிறது. அப்படியானால் குற்றம் அவளுடையது, வேலையும் போகும், வைத்தியமும் அவள் பாடு. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. இதையும், என் வகுப்பு நோட்டுகளில் இதைப் பற்றி ஏதோ இருக்கிறது, அவற்றை மேலாளர் கேட்கிறார் என்பதையும் நேற்று சொல்லிவிட்டேன்.

சொல்லாத பாதி இது. போன புதன்கிழமை அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், அவள் கையைப் பார்த்ததும் உரிக்க வேண்டிய பழமாக வாங்கி வந்துவிட்டோமே என்று உறைத்தது, நானே உரித்துக் கொடுத்தேன். ‘இந்த வாரம் அஞ்சு வாக்கியம் எழுதல சார், திட்டாதீங்க’ என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பை யாரம்மா கழற்றினது, முன்னாடியே யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். ‘எழுதினேனே சார். நீங்க பாக்கலியா’ என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டுப் பையைக் கொட்டினேன். இருக்கிறது, சிட்டு. விபத்துக்குப் பதினொரு நாளைக்கு முந்தைய திங்கட்கிழமை. நான்காவது வாக்கியம். பெண்களின் இயந்திரத்திலிருந்து தடுப்பு கழற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். பெண்கள் என்ற சொல்லில் கொக்கியை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். நான் அதை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு முன்னால் நகர்த்தி, ஓரத்தில் விதியையும் எழுதி, பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறேன். தேதியும் என் கையெழுத்தும் கீழே. அதே நாள் மூட்டை ஏற்றுகிற வண்டியின் டிரைவர் எழுதியிருக்கிறார், ஓர் இரும்புத் தகடு டிரைவர்களின் கொட்டகைக்குப் பின்னால் போடப்பட்டது என்று. அதற்கும் சரி. இரண்டு நாள் கழித்து, துணி மடிக்கிற பெண் எழுதியது, சூப்பர்வைசர்களின் உத்தரவின் பேரில் உருளையின் வேகம் கூட்டப்பட்டது. இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் மிக நன்று என்று எழுதியிருக்கிறேன். அதோடு விட்டேனா, அடுத்த வகுப்பில் அதை உரக்கப் படித்து, பதினொரு பேரையும் மூன்று தடவை என் பின்னால் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். ரோலர் அக்காவும் சொன்னாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது என்ன செய்தி என்று தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. சொல்லி முடித்ததும் வழக்கம்போல யாரும் சிரித்துப் பேசவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நன்றாகப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை மேலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார், அம்மா கொடுத்த தேநீரைப் பாராட்டினார், நோட்டெல்லாம் கம்பெனி வாங்கித் தந்தது, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்றார். நான் எதுவும் சொல்வதற்குள், ‘அதெல்லாம் பயிற்சிதானே சார், எலி பூனையால் துரத்தப்பட்டதுன்னு எழுதச் சொல்லுவீங்க, அதுக்காக நாங்க போய் எலியத் தேடுவோமா’ என்று சிரித்தார். நான் தலையாட்டினேன். நேற்று உன்னிடம் ‘அவர் கேட்டார், யோசிக்கிறேன் என்று சொன்னேன்’ என்றேனே, அது பொய். தலையாட்டினேன், ‘திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்துடறேன்’ என்றும் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சு மட்டும் வைக்கவில்லை.

நீ சொன்னாய், இந்த வயதில் உங்களுக்கு எதுக்குப்பா வம்பு, பயிற்சி வாக்கியம்னு சொல்லிட்டு வந்துடுங்க, மூணு மாசம் இங்க வந்து இருங்க என்று. உன் அக்கறை புரிகிறது. ஆனால் எனக்கு மேலாளரைப் பார்த்துப் பயமில்லை, அவர் என்னை என்ன செய்துவிட முடியும், வகுப்பை நிறுத்துவார், அவ்வளவுதான். நான் பயப்படுவது ஒரே ஒரு கேள்விக்கு. பத்துப் பேர் முன்னால், ஐயா இதை நீங்கள் படித்தீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது. நாற்பது வருடம் பிள்ளைகளை, கேள்வியைப் படிச்சிட்டு எழுதுடா, கண்ணு எங்க இருக்கு என்று காதைத் திருகினவன் நான். தப்பு என்று ஒன்றை நான் ஒப்புக்கொண்டதை நம் வீட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா. கடிகாரம் தவறாக ஓடினால்கூட ரேடியோவில்தான் நேரம் தவறு என்பேன் என்று அம்மா கேலி செய்வாள். எனக்கு அவமானமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் கையைவிட என் மானம் பெரிதாகத் தோன்றுகிற நிமிடங்கள் வருகின்றன, அதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. மறுபடி ஒரு தடவை தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை. தலை பாரமாக இருக்கிறது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதே காகிதத்தில் தொடர்கிறேன். நேற்று நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வீரமாக எதையும் முடிவு செய்யவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, ஆலை வாசலைத் தாண்டி நேராக நடந்துகொண்டே இருந்தேன். கால் திரும்பவில்லை. தபால் நிலையம்வரை போய், தபால் தலை ஒன்றும் வாங்காமல் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மேலாளர் நான்கு தடவை போன் செய்தார். நான்காவது தடவை அம்மா எடுத்து, ‘அவரு நடந்துக்கிட்டே இருக்காரு’ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று காலை பத்தரைக்கு விசாரணை. மாடியில் சின்ன அறை, ஜன்னல் முழுக்கக் கோப்புக் கட்டுகள், ஒரு நீள மேசை, விசாரிக்கிற அதிகாரி ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த ரோலர் அக்கா, கட்டுப் போட்ட கையை மேசைமேல் ஒரு பொட்டலம் போல வைத்திருந்தாள், அவர்களுக்குப் பின்னால் நான். எதிர்ப்பக்கம் மேலாளர், சூப்பர்வைசர், அவர்கள் பக்கத்துச் சாட்சியாக அந்த டிரைவர். டிரைவர் என்னைப் பார்க்கவே இல்லை. சூப்பர்வைசர் தடுப்பு என்றைக்கும் இருந்தது என்றார், பதிவேட்டைக் காட்டினார், பதிவேட்டில் தடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டிரைவரும் முதலில், ‘இருந்ததுங்க’ என்று முணுமுணுத்தார். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார்.  எழுந்து நின்று பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன், பக்கம் அடையாளம் வைத்திருந்தேன்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். மேலாளர் எலி, பூனைக் கதையை அங்கேயும் சொன்னார். பிறகு, ‘கழற்றப்பட்டதுன்னுதானே இருக்கு, யார் கழற்றினதுன்னு இதுல இல்லையே மேடம், அவங்களே கழற்றிட்டு அவங்களே எழுதியிருக்கலாம்’ என்றார். அப்போது எனக்குக் குரல் வந்தது. செய்தவர் பெயர் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான், அப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் நீங்கள், அதனால் இவர்கள் யார் பெயரையும் எழுதவில்லை, ஆனால் மூன்று நோட்டும் மூன்று கை, எழுதியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், கேளுங்கள் என்றேன். அதிகாரி டிரைவரின் நோட்டை அவர் முன்னால் தள்ளி, இது உங்கள் எழுத்தா, படித்துக் காட்டுங்கள் என்றார். அவர் படித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. படித்து முடித்துவிட்டு நோட்டை மூடினார். பிறகு, ‘நான்தாம்மா தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். சூப்பர்வைசர் சொன்னாரு. ஓட்டல் துணி தேங்கிப் போச்சு, வேகமா விடணும்னாரு. கை போன அன்னிக்கே மறுபடி கொண்டுவந்து மாட்டச் சொன்னாரு, அதையும் நான்தான் மாட்டினேன்’ என்றார். 

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, ‘ஐயா, விபத்துக்குப் பதினோரு நாள் முன்னாடியே இது உங்ககிட்ட வந்திருக்கு. திருத்தியிருக்கீங்க. நீங்க படிக்கலியா’ என்று கேட்டார். திட்டுகிற குரலில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். திருத்தினேன், படிக்கவில்லை என்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அதன் கீழே நான் போட்ட கையெழுத்து கோணலாக விழுந்தது. வேலை நீக்கத்தை நிறுத்தி வைக்கவும், தீர்ப்பு வரும்வரை வைத்தியச் செலவை ஆலையே பார்க்கவும் அங்கேயே உத்தரவு எழுதினார், நோட்டுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். முழுத் தீர்ப்புக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். டிரைவரின் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை, அது வேறு மனதைப் பிசைகிறது. மாடிப்படியில் இறங்கும்போது ரோலர் அக்கா நின்றாள். மன்னித்துவிடம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவள், ‘இடது கையால எழுதிப் பாத்தேன் சார். எழுத்தெல்லாம் கோணலா வருது, கொக்கி மட்டும் சரியான எடத்துல விழுது’ என்றாள்.  கண்ணைத் துடைத்துக்கொள்ளப் படிக்கட்டில் இடமில்லை, பின்னால் மேலாளர் வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும்போது, உன்னிடம் மறைப்பானேன், கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன். அம்மா கதவைத் திறந்ததும் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், திருத்தினேன் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதை இரண்டு தடவை சொன்னேன். அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். ‘அந்தப் பொண்ணு எழுதினத ஒரு மாசம் கழிச்சாவது படிச்சீங்க. இவ எழுதினத எப்பப் படிக்கப் போறீங்க’ என்று மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நீ பன்னிரண்டு வயதில் விடுதியில் தங்கிப் படித்தபோது எழுதிய கடிதங்கள். ஆங்கிலம் பழகட்டும் என்று ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நீ எழுதியதைத் திருத்தி உனக்கே திருப்பி அனுப்புவேன், நீ பிழையில்லாமல் ஒரு படி எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும், அதனால் இரண்டுமே இங்கே இருக்கின்றன. அதில் ஒரு கடிதம், பரீட்சை பற்றி நான்கு வரி, அம்மாவின் முட்டி பற்றி ஒரு வரி, பிறகு ஒரு வாக்கியம். இளைய மாணவிகளின் கட்டில்களிலிருந்து போர்வைகள் எடுக்கப்பட்டன. கொக்கியை விட்டுவிட்டாய். நான் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன், எஸ்ஸுக்குப் பின்னால். ஓரத்தில், செயப்பாட்டு வினை நன்றாக வருகிறது, சபாஷ் என்று எழுதியிருக்கிறேன். நீ எழுதிய படியில் அந்த வாக்கியம் குண்டு குண்டான எழுத்தில் ஒரு பிழையில்லாமல் இருக்கிறது. அதற்கடுத்த கடிதத்தையும் அதற்கடுத்ததையும் அதற்கடுத்ததையும் உட்கார்ந்து படித்தேன். ஒன்றிலும் ஒரு பிழை இல்லை, ஒரு செய்தியும் இல்லை. எல்லாம் நலம், நன்றாகப் படிக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன். அந்தக் குளிர்கால விடுமுறையில் நீ இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தாய், இரண்டு மாதம் இருமல் விடவில்லை, ஈரத்தில் ஓடியாடினால் இப்படித்தான் என்று உன்னை வாசலில் நிற்கவைத்துத் திட்டினேன். நீ குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

யாரிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சொல்லியிருக்கிறாய், தபாலில் என் கைக்கு வந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஏதோ எழுதியிருக்கிறாளே என்ன என்று அன்றைக்கே கேட்டாளாம், நான், ஒன்றுமில்லை, ஒரு பிழைதான் என்றேனாம். பல வருடம் கழித்து நீ எப்போதோ அவளிடம் ஒரு வரி சொன்னாயாம், அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம்.

சிட்டு, போர்வையை யார் எடுத்தார்கள். எத்தனை நாள் அப்படிப் படுத்தாய். பக்கத்துக் கட்டிலில் யாராவது உன்னைச் சேர்த்துப் படுக்கவைத்தார்களா, அல்லது தனியாகத்தானா. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை இருபத்தாறு வருடம் கழித்துக் கேட்கிறேன், உனக்கு இப்போது அது ஒன்றுமே இல்லாமல் போயிருக்கலாம், எனக்கு இன்று மத்தியானம்தான் நடந்த மாதிரி இருக்கிறது. நான் தப்பு செய்துவிட்டேன் அம்மா.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய் நொடி இல்லாமல், மனதில் பாரம் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. மாப்பிள்ளையின் இடுப்புத் தலையணையை மறந்துவிடாதே. நான் கேட்டதற்கு உனக்கு மனம் வந்தால் மட்டும் பதில் சொல், எழுதினாலும் சரி, போனில் சொன்னாலும் சரி, எந்த மொழியில் சொன்னாலும் சரி. நீ சொல்லி முடிக்கும்வரை நான் நடுவில் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கடிதத்தை இன்றுதான் படித்த
அப்பா